மாவட்டம் வருது, வட்டம் வரலை: டிராப்டவுன் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் வர வேண்டும், வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமம் வர வேண்டும். கல்லூரிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிப் பதிவு, ஏஜென்சி ஆர்டர் படிவம் என்று எதை எடுத்தாலும் இந்த மூன்று பெட்டிகள் இருக்கும். அவற்றைப் பற்றி வரும் புகாரும் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "சார், லிஸ்ட் வரலை." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும், ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவில்லாத சோதனை முதலில், தலைவலி பிடித்தது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கணினியில் படிவத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். மேக் என்றால் கமாண்ட், ஆப்ஷன், ஐ மூன்றையும் சேர்த்து. நெட்வொர்க் டேப்புக்குப் போய் எக்ஸ்ஹெச்ஆர் வடிகட்டியை (பக்கம் பின்னணியில் சர்வரிடம் கேட்பதை மட்டும் காட்டுவது) தேர்ந்தெடுத்துவிட்டு, மாவட்டத்தை மாற்றிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

புதிதாக ஒரு வரியும் வரவில்லையா? பிரவுசர் சர்வரிடம் கேட்கவே இல்லை, கோளாறு பக்கத்தின் ஸ்கிரிப்டில். வரி வந்தது, ஆனால் சிவப்பாக வந்ததா? பிரவுசர் கேட்டது, பதில் ஒழுங்காகத் திரும்பவில்லை. வரி வந்தது, ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரி என்று அர்த்தம்), ரெஸ்பான்ஸைத் திறந்தால் வட்டங்களின் பெயர்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன, பெட்டி மட்டும் காலியா? வந்ததை எடுத்துப் பெட்டிக்குள் போடும் இடத்தில் கோளாறு.

இதைப் பார்க்காமல் நிரலைத் திறக்காதீர்கள். நிரலைத் திறந்துவிட்டால் எல்லா வரிமேலும் சந்தேகம் வரும், சரியாக ஓடிக்கொண்டிருந்ததையும் மாற்றிவிட்டு அப்புறம் இரண்டு கோளாறுகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

போனில் மட்டும் வரும் புகார் என்றால், ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, கணினியின் குரோமிலிருந்தே அந்தப் போனின் நெட்வொர்க் டேப்பைப் பார்க்கலாம். போனை வைத்திருப்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

## அறிகுறி: பக்கம் திறந்ததுமே முதல் பட்டியல் காலி

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி முழுதாக ரீலோட் செய்யுங்கள். பழைய ஸ்கிரிப்ட் ஃபைல் பிரவுசரில் தங்கியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அப்படிச் சரியானால் உங்களுக்கு மட்டும்தான் சரியானது என்பதையும் நினைவில் வையுங்கள். படிவத்தை நிரப்பும் மற்றவர்களிடம் பழைய ஃபைல் அப்படியேதான் இருக்கும். ஸ்கிரிப்ட் ஃபைலின் முகவரியின் கடைசியில் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை உயர்த்திவிடுங்கள்.

அடுத்து இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே வருகிறதென்றால் எக்ஸ்டென்ஷன் அல்லது பழைய குக்கீ. விளம்பரத் தடுப்பான்கள் சில சமயம் விளம்பரத்துக்குச் சம்பந்தமே இல்லாததையும் நிறுத்தும்: பட்டியலைத் தரும் முகவரியில் 'ஆட்ஸ்' போல ஒரு துண்டு இருந்தாலே போதும். நெட்வொர்க் டேப்பில் 'பிளாக்ட்' என்று காட்டும். அந்த முகவரிக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள், ஊரில் உள்ள எல்லாரிடமும் போய் எக்ஸ்டென்ஷனை நிறுத்தச் சொல்ல முடியாது.

### ஸ்டேட்டஸ் எண் வந்திருந்தால்

401 அல்லது 403 என்றால் லாகின் காலாவதி ஆகியிருக்கிறது, அல்லது அந்தப் பயனருக்கு அனுமதி இல்லை. இதில் ஒரு ஏமாற்று வகை உண்டு. ஸ்டேட்டஸ் 200 என்றே காட்டும், கன்சோலில் (எஃப்12 பலகையில் பிழைகளைக் காட்டும் டேப்) மட்டும் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று சொல்லி ஒரு கோணக் குறியைக் காட்டும். ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்தால் மாவட்டப் பட்டியலுக்குப் பதில் லாகின் பக்கமே முழுதாக உட்கார்ந்திருக்கும். செஷன் முடிந்ததும் சர்வர் லாகினுக்குத் திருப்பிவிட்டது, ஸ்கிரிப்ட் அதை ஜேசான் (பட்டியல் வர வேண்டிய தரவு வடிவம்) என்று நம்பிப் படிக்கப் போய்த் தடுக்கி விழுந்தது, அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டு வந்து படிவத்தைத் தொடர்பவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பட்டியல் தரும் முகவரிகள் லாகின் பக்கத்துக்குத் திருப்பாமல் 401 கொடுக்கும்படி சர்வரில் மாற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் "மறுபடி லாகின் செய்யவும்" என்று ஒரு வரி காட்டுங்கள்.

404 என்றால் முகவரி தவறு. உங்கள் கணினியில் ஓடி, சர்வரில் மட்டும் 404 வந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, தளம் டொமைனின் உச்சியில் இல்லாமல் ஒரு உள்ஃபோல்டரில் இருப்பது. சாய்கோட்டில் தொடங்கும் முகவரி நேராக உச்சிக்குப் போய்விடும். இரண்டு, விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றியது; ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

ஸ்டேட்டஸ் எண்ணே இல்லாமல் சிவப்பு, கன்சோலில் 'கார்ஸ்' (ஒரு தளம் இன்னொரு தளத்திடம் தரவு கேட்பதற்கான பிரவுசர் விதி) என்று ஒரு நீளமான வசவு. இது வந்தால் அட்ரஸ் பாரைப் பாருங்கள். மூன்று டபிள்யூவோடு திறந்திருக்கிறீர்களா, இல்லாமலா? பக்கம் ஒரு பெயரில், பட்டியல் வரும் முகவரி இன்னொரு பெயரில் என்றால் பிரவுசருக்கு அவை இரண்டு வெவ்வேறு தளங்கள். எல்லாரையும் ஒரே பெயருக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் ஒன்று போட்டால் முடிந்தது. புதிதாக எஸ்எஸ்எல் போட்ட மறுநாள் பட்டியல் நின்றுபோனால் வேறு கதை: பக்கம் பூட்டுள்ள முகவரியில் இருக்கிறது, பட்டியலை மட்டும் பழைய ஹெச்டிடிபி முகவரியில் கேட்கிறீர்கள், பிரவுசர் தடுத்துவிடுகிறது. ஸ்கிரிப்டில் நேராக எழுதி வைத்த பழைய முகவரியைத் தேடி மாற்றுங்கள்.

500, 502, 504 வந்தால் பக்கத்தில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு சர்வர் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: மாவட்டம் வருகிறது, தேர்ந்தெடுத்தால் வட்டம் வரவில்லை

அதிகம் வருவதும் அதிகக் கிளைகள் உள்ளதும் இதுதான், நிதானமாகப் பாருங்கள்.

### ரிக்வெஸ்ட் போகவே இல்லை

கன்சோலில் சிவப்பு வரி இருக்கிறதா? இருந்தால் மேலே உள்ள முதல் வரியை மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது, அதற்குக் கீழே எழுதியது எதுவும் ஓடவில்லை. பெரும்பாலும் அது உங்கள் டிராப்டவுனுக்குச் சம்பந்தமில்லாத ஸ்லைடரோ காலண்டரோதான்.

கன்சோல் சுத்தமாக இருந்தால் ஐடியை, அதாவது நிரலில் பெட்டிக்கு வைத்த அடையாளப் பெயரைப் பாருங்கள். 'நிரந்தர முகவரி' பகுதியை அப்படியே காப்பி செய்து 'தற்போதைய முகவரி' ஆக்கியிருப்பார்கள், இரண்டிலும் மாவட்டப் பெட்டிக்கு ஒரே ஐடி. ஐடியை வைத்துத் தேடினால் பிரவுசர் முதலில் கண்டதைத்தான் தரும். விளைவு: கீழே மதுரையைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்காது, அல்லது மேலே இருக்கும் வட்டப் பெட்டி மாறும். மேலே மாறுவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், திரையில் அது ஏற்கெனவே மேலே ஓடிப் போயிருக்கும்.

அதே படிவத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "இரண்டு முகவரியும் ஒன்றே" என்ற டிக். அதை அழுத்தினால் ஸ்கிரிப்ட் மேலே உள்ள மதிப்புகளைக் கீழே நிரப்பும், ஆனால் ஸ்கிரிப்ட் நிரப்பினால் பெட்டியின் சேஞ்ச் ஈவென்ட் ('மதிப்பு மாறியது' என்ற அறிவிப்பு) தானாகக் கிளம்பாது. மனிதர் கையால் மாற்றினால்தான் கிளம்பும். ஆகவே மாவட்டம் நிரம்பும், வட்டம் காலி. மாவட்டத்தை நிரப்பியதும் சேஞ்சை நீங்களே கிளப்ப வேண்டும், வட்டப் பட்டியல் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் வட்டத்தின் மதிப்பை வைக்க வேண்டும். கிராமத்துக்கும் இதே வரிசை. இல்லையென்றால் இன்னும் எளிய வழி: டிக் போட்டால் கீழ்ப்பகுதியை மறைத்துவிட்டு, முகவரியைக் காப்பி செய்யும் வேலையைச் சர்வரிடம் விட்டுவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

பக்கத்தின் ஒரு பகுதியைச் சர்வரிலிருந்து புதிதாக வாங்கி மாற்றும் படிவங்களில், முதல் தடவை வேலை செய்து இரண்டாவது தடவை செத்துப்போகும். பழைய பெட்டி போய் அதே பெயரில் புதுப் பெட்டி வந்திருக்கும், ஈவென்ட் பழையதோடு போய்விட்டது. பெட்டியில் கட்டாமல் அதைச் சுற்றியிருக்கும் மாறாத டிவ்வில் ஈவென்டைக் கட்டுங்கள்.

### ரிக்வெஸ்ட் போகிறது, காலிப் பட்டியல் திரும்புகிறது

நெட்வொர்க் டேப்பில் அந்த ரிக்வெஸ்டின் வரியைத் திறந்து, என்ன கேட்டோம் என்று பாருங்கள். மாவட்டத்தின் இடத்தில் 'அன்டிஃபைன்ட்' இருந்தால் ஸ்கிரிப்ட் தேடும் பெயரும் பக்கத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் 'மதுரை' என்று இருந்தால் ஆப்ஷனுக்கு வேல்யூ கொடுக்க மறந்திருக்கிறார்கள். வேல்யூ இல்லாவிட்டால் பிரவுசர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே அனுப்பும். 05 போக வேண்டிய இடத்தில் 5 போயிருந்தால் எக்ஸெல்லைக் கேளுங்கள். குறியீட்டு எண்களை எக்ஸெல்லில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை அது தின்றுவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கேட்டது சரியாக இருந்து பதில் மட்டும் காலியாக வந்தால், தரவே இல்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டுப் படிவமாக இருந்தால் ஒரு குறுக்குவழி: தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, மயிலாடுதுறை இவற்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 2019-க்கு முன்பு மாநிலத்தில் 32 மாவட்டங்கள். அந்த ஆண்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஐந்தும் உருவாயின, 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்து 38 ஆனது. அவசரத்தில் மாவட்ட அட்டவணையில் புதுப் பெயரைச் சேர்த்துவிட்டு, வட்டங்களைப் பழைய மாவட்டத்திலிருந்து நகர்த்தாமல் விட்டிருப்பார்கள். தென்காசியைத் தொட்டால் காலி, திருநெல்வேலியைத் தொட்டால் சங்கரன்கோவில் இன்னும் அங்கேயே இருக்கும். ஆந்திரப் பட்டியலும் இதே மாதிரிதான்: 2022 ஏப்ரலில் 13 மாவட்டங்கள் 26 ஆயின, பழைய பட்டியலை வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு.

கையால் இரண்டு பெயர்களை நகர்த்தி முடிக்கப் பார்க்காதீர்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி டைரக்டரி தளத்தில் மாநிலம், மாவட்டம், துணை மாவட்டம், கிராமம் எல்லாம் குறியீட்டோடு இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். அதை வைத்து மொத்தமாகப் புதுப்பிப்பது நல்லது, ஆனால் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களின் பதிவுகள் பழைய எண்களோடு கட்டப்பட்டிருக்கும், அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்த இடத்தில் டேட்டாபேஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பேக்கப் எடுத்த பிறகு அவரைத் தொடச் சொல்லுங்கள்.

### பதில் சரியாக வருகிறது, பெட்டி காலி

பெட்டியைத் திறந்தால் பட்டியல் நீளமாக இருக்கிறது, ஆனால் வரிகளில் எழுத்தே இல்லை என்றால், ரெஸ்பான்ஸில் வரும் பெயரும் ஸ்கிரிப்ட் தேடும் பெயரும் வேறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்கூட போதும். பழைய ஏஎஸ்பி டாட் நெட்டிலிருந்து கோர் பதிப்புக்கு மாறியவர்கள் இதில் மாட்டுவார்கள், கோர் இயல்பாகவே பெயர்களின் முதல் எழுத்தைச் சிறியதாக்கி அனுப்பும். ஒரு வரிகூட இல்லையென்றால் பட்டியல் நேராக வராமல் 'டேட்டா' என்ற உறைக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் அலங்கார பிளகின். சோஸன், பூட்ஸ்ட்ராப்-செலக்ட் போன்றவை உண்மையான பெட்டியை மறைத்துவிட்டு மேலே தங்களுடைய பெட்டியைக் காட்டும். உள்ளே பட்டியல் மாறிவிட்டதை அவற்றிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். எலிமெண்ட்ஸ் டேப்பில் மறைந்திருக்கும் உண்மைப் பெட்டியைத் தேடிப் பாருங்கள். உள்ளே ஆப்ஷன்கள் இருந்தால் பிளகினுக்குப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு வரிதான் பாக்கி.

## அறிகுறி: வட்டம் வருகிறது, ஆனால் வேறு மாவட்டத்துடையது

புகார் சொல்பவர் "எப்பவாவதுதான் வருது" என்பார். அதுவே துப்பு. நெட்வொர்க் டேப்பில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது, அதை 3ஜி-க்கு மாற்றிவிட்டு முதலில் மதுரையையும் உடனே தேனியையும் தேர்ந்தெடுங்கள். சிலமுறை செய்தால் தேனி என்று காட்டும் பெட்டிக்குக் கீழே உசிலம்பட்டியும் மேலூரும் வந்து நிற்கும். இரண்டு கேள்விகள் போயின, முதல் கேள்வியின் பதில் பின்னால் வந்து சேர்ந்து இரண்டாவதை அழித்துவிட்டது.

தீர்வு சின்னது. பதில் வந்ததும், நாம் எந்த மாவட்டத்துக்குக் கேட்டோமோ அதுதான் இப்போதும் பெட்டியில் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்து, இல்லையென்றால் பதிலைத் தூக்கி எறிந்துவிடுங்கள். முந்தைய ரிக்வெஸ்டை ரத்து செய்ய 'அபார்ட் கன்ட்ரோலர்' பயன்படுத்தலாம், அதுவும் நல்லதே. மாவட்டம் மாறிய கணமே வட்டம், கிராமம் இரண்டையும் காலி செய்து பூட்டிவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தை மட்டும் காலி செய்து கிராமத்தை மறந்துவிடுவது சகஜம். தேனி மாவட்டம், பெரியகுளம் வட்டம், மேலூர்ப் பக்கத்துக் கிராமம் என்று ஒரு விண்ணப்பம் வந்து சேரும், அப்புறம் அதைச் சரிபார்க்கும் ஊழியர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எப்போதாவது இல்லாமல், குறிப்பிட்ட ஓர் ஊருக்கு மட்டும் எப்போதும் தவறாக வருகிறதென்றால் அட்டவணைகளை எண்ணால் இணைக்காமல் பெயரால் இணைத்திருக்கிறார்கள். திருப்பத்தூர் இதற்கு நல்ல சோதனை. அந்தப் பெயரில் ஒரு மாவட்டம், அதில் ஒரு வட்டம், சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு வட்டம். பெயரால் இணைத்தால் இரண்டு வட்டங்களின் கிராமங்களும் ஒரே பெட்டியில் கலந்து வரும்.

யார் எந்த மாவட்டத்தைத் தொட்டாலும் ஒரே பட்டியல் எல்லாருக்கும் வருகிறதா? நடுவில் கேஷ் (பழைய பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பத் தருவது) உட்கார்ந்திருக்கிறது. முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாமல், முதலில் வந்த பதிலையே எல்லாருக்கும் கொடுக்கிறது. இது சர்வர் அல்லது சிடிஎன் (சர்வருக்கு முன்னால் நின்று பதில்களை விநியோகிக்கும் சேவை) அமைப்பில் மாற்ற வேண்டியது, பக்கத்தில் முட்டி மோதிப் பயனில்லை.

## அறிகுறி: ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை

ரெஸ்பான்ஸைப் பாருங்கள். அதிலேயே இரண்டு முறை இருந்தால், சர்வர் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில் ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது) தவறு. 'டிஸ்டின்க்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து மூடி மறைக்கத் தோன்றும். வேண்டாம், ஏன் இரட்டிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அட்டவணையிலேயே இரட்டைப் பதிவு இருக்கும்.

ரெஸ்பான்ஸில் ஒருமுறைதான் என்றால், புதிதாகப் போடும் முன் பழையதைக் காலி செய்யவில்லை. அல்லது ஒரே ஈவென்ட் இரண்டு தடவை கட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் நெட்வொர்க் டேப்பில் ஒரு தேர்வுக்கு இரண்டு வரிகள் தெரியும். ரியாக்ட் 18-இல் எழுதுபவர்கள், நிரலை எழுதிச் சோதிக்கும் (டெவலப்மென்ட்) நிலையில் மட்டும் பக்கம் திறக்கும்போது இரண்டு வரிகள் வந்தால் பயப்பட வேண்டாம், அது ஸ்ட்ரிக்ட் மோட் வேண்டுமென்றே செய்வது. ஆனாலும் அதில் பட்டியல் இரட்டிக்கிறதென்றால் சேர்க்கும் முறை தவறு என்று அது காட்டிக்கொடுக்கிறது, அணைத்துவிடாதீர்கள்.

## அறிகுறி: திருத்தும் பக்கத்தில் முன்பு தேர்ந்தெடுத்தது காணோம்

எல்லாக் கோளாறுகளிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் மற்றவை வேலையைத் தடுக்கும், இது சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கும்.

எளிய காரணம் வரிசை. பட்டியல் வருவதற்கு முன்பே "வேல்யூவை 12 ஆக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். பெட்டிக்குள் 12 என்று எதுவும் இல்லாததால் பெட்டி வெறுமையாகும், பிறகு பட்டியல் வந்தாலும் அந்த 12 நினைவில் இருக்காது. இதற்கு அரை நொடி தாமதம் வைத்துச் சமாளிப்பவர்கள் நிறையப் பேர். அலுவலக ஃபைபரில் ஓடும், கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் ஓடாது. தாமதத்தை எடுத்துவிட்டு, பட்டியல் வந்து நிரப்பி முடித்த இடத்திலேயே மதிப்பை வையுங்கள்.

அடுத்தது வகை. சேமித்தது எண், ஆப்ஷனில் இருப்பது எழுத்து, ஒப்பிடும்போது மூன்று சமக்குறி போட்டிருந்தால் இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் எழுத்தாக்கி ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, அந்தத் தேர்வையே பட்டியலிலிருந்து நீக்கியிருப்பார்கள். மூடிய கிளை, நிறுத்திய பாடப்பிரிவு, பிரிந்த வட்டம். புது விண்ணப்பத்துக்கு அது வரக் கூடாது, சரி. பழைய பதிவைத் திறக்கும்போது மட்டும் அந்த ஒன்றையும் சேர்த்து அனுப்பும்படி சர்வரில் மாற்ற வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால், சில படிவங்களில் பட்டியலின் முதல் பெயர் தானாகத் தேர்வாகி நிற்கும். போன் நம்பரை மட்டும் மாற்ற வந்தவர் அதைக் கவனிக்காமல் சேமிப்பார். தமிழ்நாட்டு மாவட்டங்களைத் தமிழில் அடுக்கினாலும் ஆங்கிலத்தில் அடுக்கினாலும் முதலில் வருவது அரியலூர். உங்கள் தரவில் அரியலூர்க்காரர்கள் திடீரென்று பெருகியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். எல்லாப் பட்டியலுக்கும் முதல் வரி வேல்யூ இல்லாத "தேர்ந்தெடுக்கவும்" ஆக இருக்கட்டும், பெட்டிக்கு 'ரெக்வயர்ட்' போடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போனவற்றைக் கண்டுபிடிக்க, மாற்றப்பட்ட தேதி உள்ள பதிவுகளை எடுத்து பழைய பேக்கப்போடு ஒப்பிட வேண்டும். அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

ஃபயர்பாக்ஸில் மட்டும் வந்தால், ரீலோட் செய்தாலும் அது படிவத்தின் முந்தைய தேர்வுகளை நினைவில் வைத்துத் திருப்பிப் போடும் பழக்கமுள்ளது. படிவத்துக்கு 'ஆட்டோகம்ப்ளீட்' அணைத்துப் பாருங்கள்.

## அறிகுறி: கண்ணுக்கு எல்லாம் சரி, சப்மிட் செய்தால் "வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்"

பெட்டி 'டிஸேபிள்ட்' நிலையில் இருக்கிறதா? அப்படிப் பூட்டிய பெட்டியின் மதிப்பைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. பட்டியல் வரும் வரை பூட்டி, வந்ததும் திறக்க மறந்திருப்பார்கள், அல்லது "இதை மாற்றக் கூடாது" என்பதற்காகவே பூட்டியிருப்பார்கள். இரண்டாவதென்றால் மறைவான ஒரு இன்புட்டில் அதே மதிப்பை வைத்து அனுப்புங்கள், சர்வரிலும் சரிபாருங்கள். பெட்டிக்கு ஐடி மட்டும் கொடுத்து 'நேம்' கொடுக்காமல் விட்டாலும் இதே விளைவு.

இனி ஃபிரேம்வொர்க் சார்ந்தவை. பழைய ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் இரண்டு. தேர்ந்தெடுத்தது ஒவ்வொரு சப்மிட்டிலும் முதல் வரிக்கே திரும்புகிறது என்றால், பேஜ் லோடில் பட்டியல் நிரப்பும் வரியை 'இஸ்போஸ்ட்பேக்' சோதனைக்குள் போடவில்லை. 'இன்வேலிட் போஸ்ட்பேக் ஆர் கால்பேக் ஆர்க்யுமென்ட்' என்று மஞ்சள் பக்கம் வருகிறது என்றால், ஸ்கிரிப்ட் மூலம் சேர்த்த ஆப்ஷனைச் சர்வர் அடையாளம் தெரியாமல் மறுக்கிறது. இதற்கு ஈவென்ட் வேலிடேஷனையே அணைத்துவிடும்படி சொல்பவர்கள் உண்டு. பாதுகாப்புக்காக வைத்ததை வசதிக்காக அணைப்பது எனக்குச் சம்மதமில்லை. இரண்டாவது பட்டியலையும் சர்வரே நிரப்பட்டும், அல்லது சாதாரண ஹெச்டிஎம்எல் பெட்டி வைத்து அதன் மதிப்பை நேராக வாங்கிச் சரிபாருங்கள்.

ஜாங்கோவில் 'செலக்ட் எ வேலிட் சாய்ஸ்' என்று வந்தால் அதே கதைதான். படிவத்தின் வட்டப் புலத்துக்கு ஆரம்பத்தில் காலி குவெரிசெட் கொடுத்திருப்பீர்கள், சப்மிட் வரும்போதும் அது காலியாகவே இருக்கும். வந்த மாவட்டத்தைப் பார்த்து அதற்கான குவெரிசெட்டை அமைக்கும் வரி, படிவத்தின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும்.

## அறிகுறி: வருகிறது, ஆனால் வந்து சேர ஒரு யுகம்

நெட்வொர்க் டேப்பில் அந்த வரியின் 'டைமிங்' பகுதியைத் திறங்கள். முதல் பைட்டுக்கான காத்திருப்பு நீளம் என்றால் சர்வர் மெதுவாக இருக்கிறது. இறங்குவதில் நேரம் என்றால் பட்டியல் பெரியது. இரண்டும் குறைவு, ஆனாலும் பக்கம் உறைகிறது என்றால் ஆயிரக்கணக்கான ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அவற்றை ஒரே பெட்டியில் கொட்டினால் சாதாரண போன் திணறத்தான் செய்யும், திணறாவிட்டாலும் யார் உருட்டித் தேடுவது? வட்டம் வாரியாக வடிகட்டிக் கேளுங்கள். அதுவும் பெரிதென்றால் மூன்று எழுத்து அடித்த பிறகு தேடும் பெட்டியாக மாற்றுங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரை ஓடவிடாமல், அடித்து நிறுத்தியபின் 300 மில்லிநொடி பொறுத்துக் கேட்கும்படி வையுங்கள். சர்வர்தான் மெதுவென்றால் வட்ட எண் பத்தியில் இண்டெக்ஸ் (டேட்டாபேஸ் வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தும் மெதுவென்றால் ஆள் வேண்டும்.

## அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக, அல்லது வரிசை தாறுமாறாக

கேள்விக்குறிக்கும் கிறுக்கலுக்கும் வித்தியாசம் பாருங்கள். தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் தரவு பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு. ரெஸ்பான்ஸ் ஹெடரில் யூடிஎஃப்-8 என்று அறிவித்தாலே பெரும்பாலும் சரியாகும். வெறும் கேள்விக்குறிகள் மட்டும் என்றால் டேட்டாபேஸில் நேராகப் பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் சேமிக்கும்போதே எழுத்துகள் போய்விட்டன, எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பாது. பத்தி லேட்டின்1-ஆக இருந்திருக்கும். யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு, மூலப் பட்டியலிலிருந்து மறுபடி ஏற்றுவதுதான் வழி.

வரிசை விஷயம் சின்னது, ஆனால் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். யூனிகோடு எண்களை வைத்து அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள என்று வரும். நம் அகரவரிசையில் ற, ன இரண்டும் கடைசி. புள்ளி எழுத்துகளும் இடம் மாறும். ஜாவாஸ்கிரிப்டில் 'லோக்கேல் கம்பேர்' போட்டு மொழியைத் தமிழ் என்று சொல்லி அடுக்கினால் ஒழுங்காகிவிடும்.

## ஆளைக் கூப்பிடும்போது

"லிஸ்ட் வரலை" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலிலிருந்து தொடங்குவார், நேரத்துக்குக் கட்டணம் வாங்குபவராக இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். எந்தப் பக்கம், எந்தப் பயனர், எந்த மாவட்டத்தைத் தொட்டபோது, எத்தனை மணிக்கு, ஸ்டேட்டஸ் என்ன, ரெஸ்பான்ஸில் என்ன இருந்தது, இவ்வளவும் ஒரே மெசேஜில் போகட்டும். மணி முக்கியம், சர்வரின் பதிவேட்டில் அவர் அதை வைத்துத்தான் தேடுவார். அந்தப் பதிவேடு வேறு நேர மண்டலத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால் இந்திய நேரம் என்று சேர்த்து எழுதுங்கள்.

நெட்வொர்க் டேப் முழுவதையும் ஹெச்ஏஆர் ஃபைலாகச் சேமித்து அனுப்பவும் வழி இருக்கிறது, கோளாறு எப்போதாவது மட்டும் வருகிறதென்றால் அது மிகவும் உதவும். ஆனால் அதற்குள் உங்கள் லாகின் குக்கீயும் விண்ணப்பதாரரின் விவரங்களும் அப்படியே இருக்கக்கூடும். சோதனைக்கென்று ஒரு பொய்ப் பெயரில் நிரப்பிப் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள், அனுப்பியதும் அந்தக் கணக்கிலிருந்து லாக்அவுட் செய்துவிடுங்கள்.